பெயர் எழுதாத அரசன்: குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் ஆசிரியர் யார்?

கொல்லிமலைச் சாரலில் பாணர் கூட்டம் ஒன்று வேடன் ஒருவனைக் காண்கிறது. அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இறைச்சி விற்றுப் பிழைப்பவனாக அவன் தோன்றவில்லை. அகன்ற மார்பில் ஆரம் தாழ்கிறது. இந்த மலைக்கு உரிய ஓரிதானோ, வேறு எவனோ என்று பாணர்கள் ஐயுறுகிறார்கள். பெயர் என்ன என்று அவனைக் கேட்கவில்லை, பாடிப் பார்க்கிறார்கள். முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் சேர்ந்து ஒலிக்க, 21 துறைகளையும் முறைப்படி பாடி முடித்து, 'கோ' என்று விளிக்கிறார்கள். அது தனக்குரிய பெயராதலால் அவன் நாணி நிற்கிறான். ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடல் தரும் செய்தி இது.

'அரசன்' என்று பொருள்படும் 'கோ' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இசைவாணர்கள் ஓர் ஆளை அறிந்துகொண்டார்கள். எதிரே நின்றவன் முகம் அவர்களுக்கு விடை சொன்னது. பல நூற்றாண்டு கழித்துத் தமிழ்நாட்டின் இன்னொரு மலையில் அதே பொருள் தரும் ஒரு சொல் பாறையில் வெட்டப்பட்டது. இந்தியாவில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விரிவான சுரக்குறிப்பு அந்தப் பாறையில்தான் இருக்கிறது. அதைச் செய்தவன் தன்னை 'அரசன்' என்று மட்டும் குறித்து ஒப்பமிட்டிருக்கிறான். பெயர் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு அது.

அந்த அரசன் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் என்று ஒரு நூற்றாண்டாகச் சொல்லி வருகிறோம். பொதுநூல்கள் பலவற்றில் இது ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகவே இடம்பெற்றுவிட்டது. சான்றுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டால் அந்த விடை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. அதோடு, அவன் தன்னைப் பற்றி உண்மையில் என்ன எழுதி வைத்தான் என்பதை நாம் சரியாகப் படிக்கவே இல்லை என்பதும் புலப்படுகிறது.

பாறையில் வெட்டிய சுரங்கள்

குடுமியான்மலையின் பழம்பெயர் திருநலக்குன்றம். குன்றின் அடிவாரத்தில் சிகாநாதசாமி கோயில் விரிந்து கிடக்கிறது. அதன் ஒரு பகுதியாக, பாறையைக் குடைந்து அமைத்த மேலைக்கோயில் என்னும் சிறிய குடைவரை உள்ளது. குடைவரையை ஒட்டிய பாறைமுகத்தைச் சமன்செய்து, ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில் கிரந்த எழுத்துகளில் சுரங்களை வெட்டியிருக்கிறார்கள். 1904ஆம் ஆண்டு கல்வெட்டுத் துறையினர் இதைக் கண்டு படியெடுத்தனர். பி. ஆர். பண்டார்கர் இதை ஆராய்ந்து, எபிகிராபியா இண்டிகா இதழின் 12ஆம் தொகுதியில் பாடத்துடன் வெளியிட்டார். இந்திய இசை வரலாற்றை எழுதியவர் எவரும் அதன் பிறகு இந்தப் பாறையைக் கடந்து போக முடிந்ததில்லை.

சிவ வணக்கத்தோடு கல்வெட்டு தொடங்குகிறது. மொத்தம் ஏழு பிரிவுகள். மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று பிரிவுக்கு ஒரு கிராமராகம். சுரங்கள் நான்கு நான்காகக் கட்டப்பட்டுள்ளன. ஒரு வரிக்கு 16 கட்டுகள், அதாவது 64 சுரங்கள். உட்பிரிவு ஒவ்வொன்றிலும் கட்டுகள் எல்லாம் ஒரே சுரத்தில் போய் முடியும்படி அடுக்கியிருக்கிறார்கள். கற்பவன் ஒரு சுரத்தை இலக்காக வைத்துக்கொண்டு, பல வழிகளில் சுற்றி வந்து அதைத் தொட்டுப் பழகுவதற்கான அமைப்பு இது. இன்றைக்கும் வீணையோ வாய்ப்பாட்டோ கற்கும் பிள்ளைகள் சரளி வரிசையும் அலங்காரமும் பழகுவதை எண்ணிப் பார்த்தால், இந்தப் பாறை எதற்காக வெட்டப்பட்டது என்பது விளங்கும்.

சுர எழுத்துகளின் உயிரொலி மாறி மாறி வருவது இந்தக் கல்வெட்டின் பெரிய புதிர். ஒரே சுரம் அகரத்தோடும் இகரத்தோடும் உகரத்தோடும் எகரத்தோடும் எழுதப்பட்டுள்ளது. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் உண்டு. உயிர்மாற்றம் சுருதியின் நுண்ணிய வேறுபாட்டைக் காட்டுகிறது என்பர் சிலர். நரம்பை விரல் மீட்டும் முறையைக் காட்டுகிறது என்பர் வேறு சிலர். ஒவ்வொரு பிரிவின் தலைப்பிலும் நான்கு மீட்டலைக் குறிக்கும் வடசொல் தொடர் இருப்பதால், இது நரம்புக் கருவிக்கான பயிற்சி என்ற கருத்துக்கு வலு அதிகம். 1979இல் இக்கல்வெட்டைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்ட ரிச்சர்ட் விடெஸ், பழைய இந்திய இசை உண்மையில் எப்படி ஒலித்திருக்கும் என்பதற்கு எஞ்சியுள்ள மிகச் சில நேரடிச் சான்றுகளில் ஒன்றாக இதைக் கொண்டார். இலக்கண நூல்கள் இசையைப் பற்றிப் பேசும். இங்கே இசையே எழுத்தாக நிற்கிறது.

ஒப்பத்தில் இருப்பவை

ஏழு பிரிவுகளும் முடிந்த பிறகு வடமொழியில் ஒரு தொடர் வருகிறது. அதன் பொருள் இதுதான்: ருத்ராசாரியரின் சீடனும் மகேசுவரனிடம் பெரும்பக்தி கொண்டவனுமாகிய அரசன், சீடர்களின் நலன் கருதி இச்சுர அமைப்புகளைச் செய்தான். இதற்குக் கீழே தமிழில் ஒரு சிறு வரி உண்டு. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று அது சொல்கிறது. அருகில் 'பரிவாதினி' என்ற சொல்லும் வெட்டப்பட்டுள்ளது. ஏழு நரம்பு கொண்ட வீணைக்குப் பரிவாதினி என்று பெயர் என்று அமரகோசம் சொல்கிறது. ஆகவே தமிழ் வரியில் உள்ள 'ஏழு' அந்தக் கருவியையும், 'எட்டு' எட்டு நரம்புள்ள வேறொரு கருவியையும் குறிக்கலாம் என்பது பொருத்தமான விளக்கம்.

ஒப்பத்தில் நான்கு செய்திகள் உள்ளன: ஆசிரியரின் பெயர், செய்தவனின் சமயம், அவனுடைய பதவி, செய்த நோக்கம். இந்த நான்கில் மனிதப் பெயர் ஒன்றே ஒன்றுதான். அது ஆசிரியருடையது.

இது கையெழுத்தன்று என்பதையும் மறக்கலாகாது. காகிதத்தில் எழுதிய இசைத்தாளில் பெயரே இல்லாவிட்டாலும் எழுதிய கை பேசும். ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதிய கன்டாட்டாக்களின் காலவரிசையை 1950களில் ஆல்ஃபிரட் டூரும் கேயார்க் ஃபான் டாடல்சனும் மாற்றி அமைத்தது, படியெடுத்தவர்களின் கையெழுத்தையும் காகிதத்தின் நீர்க்குறிகளையும் ஒப்பிட்டுத்தான். மோட்சார்ட்டின் கைப்படிகளில் காகித வகைகளைப் பிரித்து ஆலன் டைசன் பல இசைப்படைப்புகளின் காலத்தைத் திருத்தினார். பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் கையெழுத்து கணவருடையதை மிகவும் ஒத்திருந்ததால், அவர் எழுதிய படிகள் பாக்கின் கைப்படிகளாகவே கருதப்பட்ட காலமும் உண்டு. மேலை நாட்டு ஆய்வாளருக்கு மையும் காகிதமும் பேனாவின் சாய்வும் துணை நிற்கின்றன.

பாறையில் அந்தத் துணைகள் கிடையா. உளி பிடித்தவன் கல்தச்சன். இசை அமைத்தவன் வேறொருவன். எழுத்தின் வடிவம் தச்சன் பழகிய மரபையும் அவன் காலத்தையும் சொல்லுமே தவிர, ஆணையிட்டவனின் பெயரைச் சொல்லாது. ஏறத்தாழ அதே காலத்தில் வடநாட்டு அரசன் ஒருவனின் உண்மையான கையொப்பம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 628ஆம் ஆண்டைச் சேர்ந்த பன்ஸ்கேரா செப்பேட்டின் அடியில், இது என் கையெழுத்து என்று ஹர்ஷவர்த்தனன் அலங்கார எழுத்தில் எழுதியதை அப்படியே செம்பில் பொறித்திருக்கிறார்கள். குடுமியான்மலையில் அப்படி ஒன்று இல்லாதபோது, எழுத்தமைதி, மொழி, இடம், சமயம், இசைச் செய்தி ஆகிய ஐந்து வழிகளில்தான் அந்த அரசனைத் தேட வேண்டும்.

மகேந்திரவர்மன் என்ற விடை

மகேந்திரவர்மனைச் சொன்னவர்கள் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. எழுத்தமைதி ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ கிரந்தத்தை ஒத்தது என்று பண்டார்கர் காலத்திலேயே கண்டார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்டவன் மகேந்திரவர்மன். கலைகளில் தோய்ந்த அரசன். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அங்கத நாடகத்தை எழுதியவன். அந்த நாடகத்தின் பெயர் வரும் மாமண்டூர்க் கல்வெட்டில் இசை பற்றிய செய்திகளும் சிதைந்த நிலையில் காணப்படுகின்றன. பல்லவர் வரலாற்றைத் துருவி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் போன்றோர் மகேந்திரனின் இசைப் புலமைக்கு இதை முக்கியச் சான்றாகக் கொண்டனர்.

அவனுடைய விருதுப்பெயர்களில் ஒன்று 'சங்கீர்ணஜாதி'. தாளத்தின் ஐந்து சாதிகளில் ஒன்று சங்கீர்ணம் என்பதால், அந்தத் தாளவகையைக் கண்டவன் அல்லது அதில் வல்லவன் என்பதே விருதின் பொருள் என்றார்கள். யானை நூல்களில் கலப்பு வகை யானைக்கும் சங்கீர்ணம் என்றே பெயர் உண்டு. விருது எதைக் குறித்தது என்பதை அந்தச் சொல்லை மட்டும் கொண்டு தீர்க்க முடியாது.

சமயச் சான்றும் உண்டு. குணபரன் என்னும் பெயருடைய அரசன் பிற நெறியிலிருந்து திரும்பி இலிங்க வழிபாட்டை மேற்கொண்டதைத் திருச்சிராப்பள்ளி மலைக் குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு குறிப்பாகச் சொல்கிறது. மகேந்திரனின் விருதுப்பெயர் குணபரன். திருநாவுக்கரசரைத் துன்புறுத்திய பல்லவ மன்னன் பின்னர்ச் சைவனாகித் திருவதிகையில் குணபர ஈச்சரம் எடுத்தான் என்கிறார் சேக்கிழார். இந்த இடத்தில் கொல்லிமலையின் பெயர் மீண்டும் நம் முன் வருகிறது. சூலை நோய் தீரத் திருவதிகையில் நாவுக்கரசர் பாடிய முதற் பதிகத்துக்கு அமைந்த பண் கொல்லி. ஓதுவார்கள் இன்று அதை நவரோசு இராகத்தில் பாடுகிறார்கள். மரபின்படி, அந்தப் பண் ஒலித்த காலத்துப் பல்லவ அரசன்தான் குடுமியான்மலை அரசன் என்று சொல்லப்படுகிறவனும்.

எழுத்துக் காலம் பொருந்துகிறது, சைவம் பொருந்துகிறது, கலையார்வம் பொருந்துகிறது. மூன்றும் சேர்ந்தவுடன் விடை கிடைத்துவிட்டது என்று அறிஞர்கள் பலர் நிறைவடைந்தார்கள்.

அந்த விடைக்கு எதிரானவை

மகேந்திரவர்மனின் கல்வெட்டுகளை வரிசையாகப் படிப்பவருக்கு ஒரு பண்பு பளிச்செனத் தெரியும். தன் பெயரை எழுதாமல் அவன் ஒரு கோயிலையும் விட்டுவைக்கவில்லை. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி நான்முகன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் செய்ததை அறிவிக்கும் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் விசித்திரசித்தன். மகேந்திரவாடியில் குணபரன், அங்கே விண்ணகரத்துக்கே மகேந்திரன் பெயர். தளவானூரில் சத்ருமல்லன், கோயில் சத்ருமல்லேசுவரம். சீயமங்கலத்தில் லலிதாங்குரன், கோயில் அவனிபாஜன பல்லவேசுவரம். திருச்சிராப்பள்ளியில் லலிதாங்குர பல்லவேசுவரம். தூண்களிலும் போதிகைகளிலும் விருதுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மத்தவிலாசத்தின் முன்னுரையில்கூடச் சிம்மவிஷ்ணுவின் மகன் மகேந்திரவிக்கிரமவர்மன் என்று ஆசிரியர் பெயர் தெளிவாக வருகிறது. இப்படிப்பட்டவன், தன் வாழ்நாளின் அரிய இசைப்பணி ஒன்றைப் பாறையில் வெட்டிவிட்டு, ஒரு விருதுப்பெயர்கூட எழுதாமல் போயிருப்பானா?

குருவின் முன்னிலையில் சீடன் தன் பெயரை அடக்கிக்கொண்டான் என்று மறுமொழி சொல்லலாம். நடக்கக்கூடியதுதான். நடக்கக்கூடியது என்பதற்காக நடந்தது என்று எழுதிவிட முடியாது.

அடுத்தது இடம். மகேந்திரனின் பெயர் தாங்கிய குடைவரைகள் தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் பரவி, தெற்கே காவிரிக் கரையான திருச்சிராப்பள்ளியோடு நின்றுவிடுகின்றன. அதற்குத் தெற்கே உள்ள புதுக்கோட்டைப் பகுதி பாண்டியரும் முத்தரையரும் கொடும்பாளூர் இருக்குவேளிரும் மாறி மாறி ஆண்ட நிலம். இவர்களில் எவரும் சைவ அரசராக இருந்திருக்கலாம். எவரும் 'அரசன்' என்று எழுதியிருக்கலாம். கிரந்த எழுத்து பல்லவருக்கு மட்டும் உரியதாகவும் இருந்ததில்லை. தென்னாட்டில் வடமொழியை எழுதப் பலரும் பயன்படுத்திய எழுத்து அது. ஒப்பத்தில் வரும் 'பரம மாகேசுவரன்' என்பதும் ஒரு குடிக்கு உரிய பட்டம் அன்று. பன்ஸ்கேரா செப்பேட்டில் ஹர்ஷவர்த்தனனே தன்னை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறான்.

இன்னொன்று. மகேந்திரன் பெயர் பொறித்த குடைவரைகளில் இப்படி ஒரு சுரக்குறிப்பு கிடைக்கவில்லை. மாறாக, இதே இசைப்பணியின் தடயங்கள் புதுக்கோட்டை வட்டாரத்திலேயே வேறு இடங்களில் கிடைத்துள்ளன. திருமயத்தில் சிவன் குடைவரையை ஒட்டிப் பெரிய இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. அதன் பெரும்பகுதியைச் சிதைத்து, அதன்மேல் பிற்காலக் கல்வெட்டை வெட்டிவிட்டார்கள். பரிவாதினி போன்ற சில சொற்கள் எஞ்சின. மலையக்கோயிலிலும் பரிவாதினி வருகிறது. அதோடு, அந்த வித்தையை வரையறுத்தவனாகக் குணசேனன் என்று படிக்கப்படும் பெயர் ஒன்றும் வருகிறது. குணபரனும் குணசேனனும் ஒருவரே என்று சிலர் கருதினர். முன்பாதி ஒத்திருப்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. மகேந்திரனின் அறியப்பட்ட விருதுகள் பெருந்தொகை. அவற்றில் குணசேனன் என்பது இல்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எழும் படம் காஞ்சியிலிருந்து வந்த ஒரு பேரரசனின் தனிப்பட்ட சாதனையாக இல்லை. ஒரு வட்டாரத்தில் வேர்விட்டு, சில குடைவரைக் கோயில்களைச் சார்ந்து, ஒரே கருவியைக் கற்பித்து வந்த ஓர் இசைப்பள்ளியின் படமாகவே அது தெரிகிறது.

சித்தன்னவாசல் கற்பித்த பாடம்

குடுமியான்மலைக்கு அருகில்தான் சித்தன்னவாசல் இருக்கிறது. அறிவர் கோயில் ஓவியங்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தபோது, அவற்றையும் மகேந்திரவர்மன் காலத்தவை என்றே அறிஞர்கள் எழுதினார்கள். காரணங்களும் இதே வகையானவை: குடைவரை, கலைநயம், சைவனாவதற்கு முன் மகேந்திரன் சமணனாக இருந்தான் என்ற மரபு. பின்னர் அக்கோயிலின் முகப்பிலுள்ள தமிழ்க் கல்வெட்டைப் படித்தபோது, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அவனிபசேகரன் ஸ்ரீவல்லவன் என்ற பாண்டியன் காலத்தில் கோயிலைப் புதுக்கி முகமண்டபமும் எடுத்த செய்தி வெளிப்பட்டது. ஸ்ரீவல்லவன் ஒன்பதாம் நூற்றாண்டினன். பல்லவ ஓவியம் என்று புகழப்பட்டது பாண்டியர் காலக் கலையாக மாறியது.

ஒரு காலத்துக்குப் புகழ்பெற்ற மனிதர் ஒருவர் இருந்தால், பெயரில்லாத அரும்பொருள் எல்லாம் அவர் கணக்கில் போய்ச் சேர்வது வரலாற்று எழுத்தின் பழைய நோய். அதனால் புகழ்பெற்றவரின் புகழ் சற்றுக் கூடும். உண்மையில் உழைத்த சிற்றரசர்களும் ஆசிரியர்களும் உள்ளூர்ப் பள்ளிகளும் வரலாற்றிலிருந்து அழிந்துபோகும். சித்தன்னவாசலில் இளங்கௌதமனைக் காப்பாற்ற ஒரு கல்வெட்டு இருந்தது. குடுமியான்மலையில் ருத்ராசாரியரைக் காப்பாற்றவும் கல்வெட்டு இருக்கிறது. நாம்தான் அவரை விட்டுவிட்டு, எழுதப்படாத பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பெயர் இருந்தால் எவ்வளவு எளிதாகத் தீரும் என்பதற்குத் தேவார வரலாற்றிலேயே சான்று உண்டு. ஏட்டுத் திருமுறைகளில் இடம்பெறாத பதிகம் ஒன்று 1917இல் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து வெளிப்பட்டது. அது யார் பாடியது என்ற கேள்வி நீளவில்லை. திருக்கடைக்காப்பில் காழி ஞானசம்பந்தன் என்ற பெயர் இருந்தது. பாட்டின் நடையும் யாப்பும் ஊர்ப்பெயரும் அதற்குத் துணை நின்றன. பதிகத்தின் இறுதியில் தன் பெயரையும் ஊரையும் வைக்கும் சம்பந்தரின் வழக்கம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பின்னும் அவர் படைப்பை அவருக்கே மீட்டுத் தந்தது. தியாகராஜர் தம் பெயரையும், முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுக' என்பதையும், சியாமா சாஸ்திரி 'சியாமகிருஷ்ண' என்பதையும் முத்திரையாக வைத்தது அந்த நெடிய மரபின் தொடர்ச்சி.

இசை தரும் சாட்சியம்

பெயரைத் தேடுவதில் மூழ்கிய நாம், கல்வெட்டின் உள்ளேயே இருக்கும் சாட்சியைப் போதிய அளவு கேட்கவில்லை. அதன் ஏழு கிராமராகங்களும் நாரதீய சிக்ஷை என்ற வடமொழி நூலில் சொல்லப்படும் ஏழுதான். பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்குப் பிந்தி, 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரத்துக்கு நெடுங்காலம் முந்திய ஒரு நிலையை இவ்வொற்றுமை காட்டுகிறது. சங்கீத ரத்னாகரத்தில் சார்ங்கதேவர் தரும் முன்னோர் பட்டியலில் ருத்ரடர் என்ற பெயர் வருகிறது. அவரே ருத்ராசாரியர் என்று சொல்லத் தோன்றும். 'குணசேன'னை 'குணபர'னாக்கிய அதே வழுக்கல்தான் அது. பெயரின் முதற்பாதி ஒத்தால் ஆள் ஒருவராகிவிடுவதில்லை.

தமிழ்ச் சான்று இன்னும் நெருக்கமானது. சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் ஆகிய மூன்றும் பாறையில் உள்ளன. சாதாரி, பஞ்சமம், கௌசிகம் ஆகிய மூன்றும் சம்பந்தரின் மூன்றாம் திருமுறையில் பண்களாக நிற்கின்றன. அதே திருமுறையில் கொல்லியும் கொல்லிக்கௌவாணமும் இருக்கின்றன. பெயர் ஒன்றானால் இசையும் ஒன்றுதான் என்று துணிய முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. வடமொழி இலக்கணம் பேசிய கிராமராகங்களும், கொல்லி, குறிஞ்சி, செவ்வழி என்று தமிழ் மண்ணின் பெயர் தாங்கிய பண்களும் ஒரே காலச் சூழலில் அருகருகே வாழ்ந்தன. வடமொழியில் ஒப்பமிட்ட அரசன், கருவி பற்றிய குறிப்பைத் தமிழில் எழுதச் செய்ததற்குக் காரணமும் இதுவே. பாறை முன் அமர்ந்து கற்றவர்களில் தமிழ் மட்டும் அறிந்தவர்கள் இருந்திருக்க வேண்டும். எந்த வீணைக்கு இது பொருந்தும் என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பேரறிவிப்புக்கு வடமொழி, பாடம் நடத்தத் தமிழ். இந்த ஒரு வரியில் வகுப்பறையே தெரிகிறது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. கல்வெட்டு ஏழாம் நூற்றாண்டையோ அதை அடுத்த காலத்தையோ சேர்ந்தது. செய்தவன் சைவ அரசன். ருத்ராசாரியரிடம் இசை பயின்றவன். நரம்புக் கருவியைக் கற்பிக்கும் முறை அறிந்தவன். தனக்கென மாணவர் கூட்டம் இருந்தவன், அல்லது மாணவர் கூட்டம் ஒன்றுக்குப் பொறுப்பேற்றவன். புதுக்கோட்டை வட்டாரத்தோடு தொடர்புடையவன். மகேந்திரவர்மன் இந்தப் பட்டியலில் கடைசிப் பண்பைத் தவிர மற்றவற்றுக்குப் பொருந்தலாம். பொருந்தக்கூடிய மற்றவர்களும் உண்டு. ஆகவே அவனை ஒரு வாய்ப்பாக வைப்பது நேர்மை. உறுதியாக எழுதுவது தவறு.

செய்ய வேண்டியவை

இந்தப் புதிரை மேலும் அணுக வழி இருக்கிறது. குடுமியான்மலை, திருமயம், மலையக்கோயில் பாறைகளின் எழுத்துகளைப் பழைய மைப்படிகளோடு நிறுத்தாமல், பல கோணங்களில் ஒளி பாய்ச்சி எடுக்கும் படங்களாலும் முப்பரிமாணப் பதிவாலும் முழுமையாக ஆவணப்படுத்த வேண்டும். திருமயத்தில் பிற்கால எழுத்துக்கு அடியில் எஞ்சியிருக்கும் உளித்தடங்களை இவ்வகைப் பதிவு காட்டக்கூடும். மூன்று இடங்களிலும் ஒரே தச்சர் மரபு வேலை செய்ததா என்பதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சொல்ல முடியும். மகேந்திரனின் திருச்சிராப்பள்ளி, மண்டகப்பட்டு எழுத்துகளையும், அதே காலப் பாண்டிய, முத்தரையர் கிரந்த எழுத்துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வீணைக் கலைஞர்களும் ஓதுவார்களும் கல்வெட்டு அறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது. உயிரெழுத்து மாற்றம் விரலசைவுதானா என்பதை நரம்பைத் தொட்டுப் பார்க்காமல் எவரும் தீர்க்க முடியாது.

அதுவரை, பாடநூல் எழுதுகிறவர்களிடமும் இசை வரலாறு கற்பிக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். குடுமியான்மலை இசைக் கல்வெட்டைச் செய்தவர் யார் என்று மாணவர் கேட்டால், கல்வெட்டு சொல்வதையே சொல்லுங்கள்: ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன். மகேந்திரவர்மன் என்பது சில அறிஞர்களின் கருத்து என்று அதற்குப் பிறகு சேர்த்துச் சொல்லுங்கள். தன் பெயரை எழுதும் இடத்தில் ஆசிரியரின் பெயரை எழுதிய ஒருவனுக்கு நாம் செய்யக்கூடிய நியாயம், அந்த ஆசிரியரின் பெயரை நம் நூல்களில் முதலில் எழுதுவதுதான்.